மரம் என்று எழுதாதீர்கள்

எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

“இடது கைப் பெருவிரல்மா. இந்த இடத்துல.”

விறகுக்காரி விரலை நீட்டவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “என்ன எழுதியிருக்கீங்கன்னு நான் பார்க்கலாமா சார்?” என்றாள்.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருடமாக அந்த வனத்துறை அலுவலகத்தின் முன்னறையில் அதே நாற்காலியில் இருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. “படிக்கத் தெரியுமா?” என்றார்.

“அஞ்சாவது வரைக்கும் போனேன். எழுத்துக்கூட்டிப் படிச்சிருவேன். கையெழுத்தும் போடுவேன், மை வேண்டாம்.”

பக்கத்தில் நின்ற நாத்தனார் அவள் முழங்கையில் இடித்தாள். “அண்ணி, நேரத்தைப் பார்த்தியா? ரொட்டிக் கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. கேட்ட இடத்துல வெச்சுட்டு வா, போயிரலாம்.”

“இரு. அடுப்பு எங்கயும் ஓடிடாது.”

இரண்டு பேரும் அன்று விடிந்ததும் காட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு ஓர் அனுமதி அட்டை இருந்தது. தினம் ஒரு நடை, உதிர்ந்து கிடக்கும் காய்ந்த விறகைத் தலைச்சுமையாக எடுத்து வரலாம்; அரிவாள், கோடரி கூடாது. அந்த அட்டையை நம்பித்தான் இரண்டு வீட்டு அடுப்பு எரிந்தது. விறகுக்காரியின் கணவன் கண்ணை மூடி நான்கு வருடம். நாத்தனாரின் கணவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு பெண்களும் ரொட்டிக் கடை அடுப்புக்கு விறகு போட்டுத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

காட்டு வழி சாலையில் ஏறும் இடத்தில் காவலர் நின்றிருந்தார். ஆள் உயரம், ஒல்லி, பச்சைச் சட்டை, தொப்பிக்குக் கீழே முடி சிலும்பி நிற்கும். விறகு பொறுக்கும் பெண்கள் தங்களுக்குள் அவரை ஒட்டடைக்கம்பு என்பார்கள். இவர்கள் இறக்கிய விறகுக் கட்டை அவர் சுற்றி வந்தார், குனிந்தார், “பச்சை தெரியுதே” என்றார். அதோடு கட்டும் ஆட்களும் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

வழி நெடுக விறகுக்காரி சொல்லிக்கொண்டே வந்தாள்: “கடவுள் மேல சத்தியமா என் கட்டுக்குள்ள ஒரு பச்சைக் குச்சி கிடையாது. எங்கயாவது ஒரு இலை ஒட்டியிருக்கும். இலையெல்லாம் பச்சைன்னா உங்க சட்டையும்தான் பச்சை.”

இப்போது அவள் மேசைமேல் குனிந்து, எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில் விரல் வைத்து மெல்லப் படித்தாள். பெயர் சரி. வயது இரண்டு கூட. ‘பொருள்’ என்ற கட்டத்தில் ‘மரம்’ என்றும், ‘தன்மை’ என்ற கட்டத்தில் ‘பச்சை’ என்றும், ‘செயல்’ என்ற கட்டத்தில் ‘வெட்டியது’ என்றும் இருந்தன.

அவள் நிமிர்ந்தாள். “நான் எந்த மரத்தையும் வெட்டல சார்.”

“அது அப்படித்தாம்மா எழுதுவாங்க. காட்டுல இருந்து எது வந்தாலும் மரம்தான். கட்டம் சின்னது பாரு, மூணு விரல் அகலம். ராமாயணமா எழுத முடியும்?”

“யாரு எழுதுவாங்க?”

“நான்தான்,” என்றார் எழுத்தர். சொன்ன பிறகு அந்தப் பதில் அவருக்கே கொஞ்சம் உறுத்தியது.

வாசலில் நின்ற காவலர், “சின்ன அபராதம்தான், போட்டுட்டுக் கிளம்புங்க. மாசக் கடைசி, நாளைக்கு மேலிடத்துல இருந்து பார்வையிட வர்றாங்க. எங்க பாடு எங்களுக்கு,” என்றார்.

நாத்தனார், “சார் சொல்றாரே அண்ணி” என்றாள்.

எழுத்தர் பயந்த மனிதர். உள்ளறைக் கதவு திறந்திருக்கும்போது இருமுவதற்குக்கூட யோசிப்பார். ஆனால் மேசைமேல் இருந்த அவருடைய வலது கை படிவத்தின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக அந்தத் தாளைப் பின்பக்கம் திருப்பியது. ஆள்காட்டி விரல் கடைசி வரிக்குக் கீழே போய் நின்றது. கண் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயந்தவர்களைக் கடவுள் தள்ளிவிடுவதில்லை. அவர்களிடமும் ஒரு விரலையாவது அசைக்கும்படி கேட்கிறார்.

விறகுக்காரி அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள். பச்சை மரம் வெட்டியதாக ஒப்புக்கொண்டவரின் குடும்பத்துக்கு மூன்று ஆண்டுகள் அனுமதி அட்டை கிடையாது.

நாத்தனாரின் காதில் அதைச் சொன்னாள். நாத்தனார் மைப்பெட்டியை எடுத்து டப்பென்று மூடினாள். “கையெழுத்தும் கிடையாது, கைநாட்டும் கிடையாது. எங்கயாவது போட்டே, உன் கையை நானே ஒடிச்சிருவேன்.”

“இப்பதானே வெச்சுட்டு வான்னே?”

“அது அப்போ.”

சத்தம் கேட்டு அதிகாரி உள்ளறையிலிருந்து வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, காதில் தொலைபேசி. “அப்புறம் கூப்பிடறேன்” என்று அதை வைத்துவிட்டு, “என்ன இங்க சந்தைக்கடை?” என்றாள்.

“கையெழுத்துப் போட மாட்டேங்குறாங்க மேடம்,” என்றார் காவலர்.

“ஏம்மா?”

“செய்யாததை எழுதியிருக்கு மேடம். மரம் வெட்டினேன்னு எழுதியிருக்கு. நான் எடுத்தது சுள்ளி.”

“சுள்ளி எதுல இருந்து வருது? மரத்துல இருந்துதானே? அப்ப மரம்தான்.”

விறகுக்காரி ஒரு நொடி யோசித்தாள். “நான் தலை சீவும்போது நாலு முடி உதிருது மேடம். அதுக்காக என் தலையை வெட்டிட்டாங்கன்னு எழுதுவீங்களா?”

நாத்தனாருக்குச் சிரிப்பு பீறிட்டது. தலைப்பை வாயில் வைத்து அடைத்தாள். காவலர் கூரையைப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

“வாய் நல்லா இருக்கு. கையெழுத்துப் போடலைன்னா வழக்கு பெரிய இடத்துக்குப் போகும். அலைஞ்சு அலைஞ்சு கால் தேஞ்சுரும். உனக்கு எது வசதின்னு பாரு.”

“கால் தேயட்டும் மேடம். தினம் காட்டுக்குப் போய் வர்ற கால்தான்.” அவள் நகரவில்லை. “கட்டு வெளியதான் கிடக்கு. அவிழ்த்துப் பாருங்க. அதுல என்னென்ன இருக்கோ அது அது பேரைச் சொல்றேன். அந்தப் பேரையே எழுதச் சொல்லுங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் நீங்க நீட்டுற இடத்துல போட்டுடறேன்.”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுநாள் வரப்போகிறவர்கள் முன்னால் கையெழுத்தில்லாத ஒரு படிவம் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. “பத்து நிமிஷம்,” என்றாள்.

முற்றத்துச் சிமெண்டுத் தரையில் கட்டைப் போட்டார்கள். எழுத்தர் தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார், எழுதும் பலகையில் செருகிய ஒரு புதுப் படிவத்தோடு. முடிச்சை விறகுக்காரியின் கை பழக்கத்தில் ஒரே இழுப்பில் அவிழ்த்துத் தள்ளியது. விறகு சரிந்து பரந்தது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். அடுக்களையில் பருப்பும் கல்லும் பிரிக்கிறவளைப் போல, கை முந்திப் போனது, வாய் பின்னால் வந்தது.

“இது சுள்ளி. தானா உதிர்றது. ஒடிச்சா சட்டுன்னு சத்தம் வரும்.” ஒன்றை ஒடித்தாள், சட்டென்று சத்தம் வந்தது. “பச்சைன்னா வளையும், ஒடியாது. இது பட்டை. மரம் வளரும்போது அதுவா கழட்டிப் போடும், நாம சட்டை மாத்துற மாதிரி. இது கொம்பு. போன வாரம் காத்து அடிச்சுதே, அதுல முறிஞ்சது.”

“முறிஞ்சதா வெட்டினதா, யாருக்குத் தெரியும்?” என்றாள் அதிகாரி.

“முனையைப் பாருங்க மேடம். முறிஞ்சா வாய் நார் நாரா, கந்தலா இருக்கும். அரிவாள் பட்டா சாய்வா, வழுவழுன்னு இருக்கும். தடவிப் பாருங்க.”

அதிகாரி அந்த முனையை வாங்கினாள். நார் அவள் விரலில் குத்தியது. திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“இது கவட்டை. சும்மா கிடைக்காது, அடுப்புல கட்டைக்கு முட்டுக் கொடுக்க ரொட்டிக் கடைக்காரர் கேட்டு வாங்குவாரு. இது வேர்க்கட்டை. ஓடை அரிச்ச இடத்துல கரையில துருத்திக்கிட்டு நின்னுது. உளுத்துப் போச்சு, உள்ள வண்டு தின்னு பொடியாக்கியிருக்கு.” தட்டிக் காட்டினாள், மாவு போல ஏதோ கொட்டியது. “இது பாதிதான் விறகு. மீதி வண்டுக்கு. இது சிராய், மின்னல் விழுந்த மரத்தைச் சுத்திச் சிதறிக் கிடக்கும், கையில ஏறிடும், பார்த்துத் தொடணும். அந்த மரம் இன்னும் நிக்குது. ஒரு பக்கம் கரி, மறு பக்கம் தளிர் விட்டிருக்கு. நாங்க யாரும் அது மேல கை வைக்கறதில்ல.”

“ஏன்?”

“அது பிழைக்கணும்னு பார்க்குது மேடம். நாம ஏன் நடுவுல போகணும்?”

எழுத்தரின் பேனா கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறி, கீழே இறங்கி, அடுத்த கட்டத்துக்குள்ளும் புகுந்திருந்தது. சுள்ளி, கழன்ற பட்டை, முறிந்த கொம்பு, கவட்டை, உளுத்த வேர்க்கட்டை, சிராய். பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேருக்கு ‘மரம்’ என்று ஒரே சொல்லை எழுதியிருப்போம் என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தரையில் இருந்த விறகெல்லாம் ஆறு குவியலாகிவிட்டது. ஒரு பச்சைக் குச்சிகூட இல்லை. நாத்தனார் இடுப்பில் கை வைத்துக் காவலரைப் பார்த்தாள். “எங்க சார் பச்சை? கண்ணாடி போட்டுத்தான் பார்க்கணுமோ?”

காவலர் குவியல்களைப் பார்க்கவில்லை. விறகுக்காரி அவிழ்த்துத் தள்ளியதைக் குனிந்து எடுத்தார். தூக்கிப் பிடித்தார். கட்டைச் சுற்றியிருந்த கொடி. விரல் கனம், நல்ல நீளம். இலையை உருவியிருந்தாள், ஆனாலும் ஒரு கணுவில் மூன்று இலை மிச்சமிருந்தது. முறுக்கிய இடத்தில் பால் போல ஈரம் கசிந்திருந்தது.

“இது என்ன?” என்றார்.

நாத்தனாரின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

விறகு பொறுக்குகிறவர்களுக்கு மட்டும் வரக்கூடிய தவறு அது. அவர்கள் கணக்கில் கட்டு என்பது உள்ளே இருப்பது. சுற்றியிருப்பது கணக்கில் வராது. கடிதம் எழுதியவரிடம் என்ன அனுப்பினீர்கள் என்று கேட்டால் உறையைச் சொல்வாரா? எல்லா நாளும் கயிறு இருக்கும். கயிற்றை யார் நினைக்கிறார்கள்? அன்று கயிறு இல்லை, கொடி இருந்தது. அதையும் அவள் கயிறு போலவே மறந்துவிட்டாள்.

விறகுக்காரியின் முகம் வெளுத்தது. அவள் முதலில் நினைத்தது அட்டையை அல்ல. வழி நெடுகச் செய்த சத்தியத்தை.

“கயித்தை மறந்தது நான்தான்!” நாத்தனார் கத்தினாள். “வீட்டுல துணி காயப் போட எடுத்தேன், அப்படியே விட்டுட்டேன். அண்ணி மேல தப்பில்ல. என் பேரை எழுதுங்க.”

“நீ சும்மா இரு. நீ கயித்தைத்தான் மறந்தே. அறுத்தது நான்.” விறகுக்காரி எழுந்து நின்றாள். “ஆமா சார். பச்சைதான். நான்தான் அறுத்தேன்.”

“அரிவாள் எங்க?” என்றார் காவலர்.

“அரிவாள் ஏது? பல்லால கடிச்சு அறுத்தேன். பறிமுதல் பண்ணணும்னா பல்லைத்தான் பண்ணணும்.”

அதிகாரி மூச்சை விட்டாள். ஒரு வேலை முடிந்த நிம்மதி அதில் இருந்தது. “சரி. நீயே ஒத்துக்கிட்டே. ஒண்ணு தப்பா இருந்தாலும் போட்டுடறேன்னு சொன்னே. பழைய படிவத்துலயே போடு. பச்சை, வெட்டியது. கதை முடிஞ்சுது.”

“போடறேன் மேடம், சொன்ன சொல் சொன்னதுதான். ஆனா நான் பேரைத் தப்பா சொல்லல. இது பேரை இன்னும் சொல்லவே இல்ல, இப்ப சொல்றேன். இது கொடி. பச்சைக் கொடி. ஒண்ணு. நாலு முழம் இருக்கும். இதை அறுத்ததுக்கு என்ன தண்டனையோ முழுசா கொடுங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேன். கடவுள் மேல சத்தியம் பண்ணிட்டு வந்தேன், அது பொய்யாப் போச்சு. அதுக்கு நான் அவருகிட்ட தனியா மன்னிப்புக் கேக்கணும். ஆனா ஒரு பொய்யைச் சரிபண்ண இன்னொரு பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன். மரம்னு எழுதாதீங்க. மூணு வருஷம் இல்ல, முப்பது வருஷம்னு சொன்னாலும் போட மாட்டேன்.”

எழுத்தர் எழுதி முடித்துப் புள்ளி வைத்தார்.

“என்ன எழுதுறீங்க?” என்றாள் அதிகாரி.

“கட்டுவதற்குப் பச்சைக் கொடி, ஒன்று, நான்கு முழம். பல்லால் அறுத்தது.”

“கிழிச்சுப் போடுங்க. பழைய படிவத்தைக் கொண்டு வாங்க.”

எழுத்தர் எழுந்தார். படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார், மழையில் நனையாமல் எதையோ காப்பவர் மாதிரி.

“மேடம்… இதுல எது பொய்யின்னு சொல்லுங்க. அதை மட்டும் அடிச்சுடறேன்.”

அவர் குரல் அந்த முற்றத்தில் அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. காவலர் திரும்பிப் பார்த்தார். அதிகாரி படிவத்துக்காகக் கையை நீட்டினாள். கொடுக்காமல் இருந்துவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. கொடுத்தார்.

அவள் படித்தாள். மேலிருந்து கீழாக ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. மற்றக் கையில் அந்த முறிந்த கொம்பு இருந்தது. கட்டைவிரல் அதன் நாரைத் தடவிக்கொண்டே இருந்தது. அவளுக்குக் காடு தெரியாது என்று சொல்ல முடியாது. காட்டைப் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தாள். வந்த பிறகு கோப்புகள்தான் அவளுக்குக் காட்டைச் சொல்லின. அவற்றில் எல்லாமே மரம்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று காவலரைக் கேட்டாள். “பிடிச்சது நீங்க.”

காவலர் கொடியைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். பொய் சொல்வது அவருக்கு அப்போது சுலபம். தலையை ஆட்டினால் போதும். “கொடி மேடம்,” என்றார். “நான் பச்சைன்னுதான் சொன்னேன். மரம்னு சொல்லல.”

அதிகாரி உள்ளே போய் விதிப் புத்தகத்தோடு வந்தாள். மரத்துக்கு நான்கு பக்கம் இருந்தது, கொடிக்குத் தனியாக எதுவும் இல்லை. கடைசியில் ‘இதர சிறு பொருள்கள்’ என்று ஒரு பத்தி. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “தீத்தடுப்புப் பாதையில ரெண்டு நாள் சருகு கூட்டணும். கூலி கிடையாது. அட்டை மேல குறிப்பு ஏறும். இன்னொரு தடவை பச்சை எதுவும் தெரிஞ்சா, அது புல்லா இருந்தாலும், அட்டை போயிரும். புரியுதா?”

“அட்டை இருக்கும்ல?”

“இருக்கும்.”

“அப்ப கூட்டறேன் மேடம். சுத்தமாவே கூட்டறேன்.”

எழுத்தர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்து, எழுத்தரின் பேனாவால் தன் பெயரை முழுதாக எழுதினாள். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது. வயதை இரண்டு குறைத்துத் திருத்தச் சொன்னாள். எழுத்தர் திருத்தினார். அதிகாரி கீழே கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போனாள். அந்தக் கொம்பை அவள் திருப்பித் தரவில்லை, விறகுக்காரியும் கேட்கவில்லை.

காவலர் குவியல்களைக் காட்டி, “இதை இங்கயே விட்டுட்டுப் போங்க” என்று தொடங்கினார்.

“எதுக்கு?” என்றாள் விறகுக்காரி. “நீங்க பிடிச்சது கொடியை. கொடியை வெச்சுக்குங்க. சுள்ளி எங்களோடது, எழுதியிருக்கு.”

காவலர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர், “எழுதியிருக்குதான்” என்றார்.

கட்டக் கயிறில்லை. கொடியும் இப்போது சாட்சியாகிவிட்டது. இரண்டு பெண்களும் விறகை இரு கையிலும் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்து எடுத்தார்கள். வாசல்படி இறங்குவதற்குள் இரண்டு சுள்ளி விழுந்தது. தெருவில் இன்னும் நான்கு. குனிந்தால் மிச்சமும் சரியும் என்பதால் விட்டுவிட்டு நடந்தார்கள்.

“பல்லால அறுத்தேன்னு ஏன் சொன்னே? வெளிய தலை காட்ட முடியுமா?” என்றாள் நாத்தனார்.

“கேட்டாரு, சொன்னேன்.”

“ரெண்டு நாள் சும்மா கூட்டணுமே. நானும் வர்றேன்.”

“உனக்குக் கழுத்துப் பிடிப்பு.”

“கழுத்தாலயா கூட்டப் போறேன்?”

பின்னால் காலடி கேட்டது. திரும்பினால் காவலர். தெருவில் விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவ்வளவு உயரமான ஆள் அத்தனை தடவை குனிவது பார்க்கப் பாவமாக இருந்தது. பிடித்துக்கொண்டு போன அதே மனிதர்தான். மனிதர்களை நாம் ஒரே சொல்லில் எழுதிவிடக் கூடாது.

“அண்ணே,” என்றாள் விறகுக்காரி. “விழுந்த விறகைப் பொறுக்குறீங்க. அட்டை வெச்சிருக்கீங்களா?”

காவலர் சிரித்துவிட்டார்.

ரொட்டிக் கடை மூலை வரைக்கும் மூவரும் வந்தார்கள். கடைக்காரர் மாவுக் கையோடு வாசலில் நின்றிருந்தார். “வெயில் எங்க ஏறியிருக்கு பார்த்தீங்களா? மாவு பொங்கி வழியுது. இதென்ன, கட்டாம அள்ளிக்கிட்டு வர்றீங்க? கூட யாரு, காவலுக்கு?”

“வேலைக்கு எடுத்திருக்காங்க எங்களை,” என்றாள் விறகுக்காரி, விறகை அடுப்பருகே சரித்துவிட்டு. “நாளைக்கும் மறுநாளும் விறகு வராது. அரசாங்க வேலை. மூணாம் நாள் காலையில வழக்கம்போல வருவேன்.”